கிறிஸ்துமஸ் சீசனில் வீட்டில் எல்லோருடைய பல்லையும் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

மூவர்_அம்மா | டிசம்பர் 8, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் இனிப்பு வந்தபடியே இருக்கிறது. தினம் ஒரு கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சாக்லேட் இருக்குமே, அந்தக் காலண்டரை யாரோ பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அது போக கேரல் பாடப் போகிற வீடுகளில் மிட்டாய், பள்ளி விழாவில் கேக், வருகிற விருந்தாளி கையிலெல்லாம் ஒரு டப்பா. இது ஜனவரி 6, மூன்று அரசர் திருநாள் வரைக்கும் ஓயாது.

கடைக்குட்டிக்கு 3 வயது. நடுவுக்கு 7. மூத்தவளுக்கு 14, பல்லில் கிளிப் போட்டிருக்கிறாள். மாமியாருக்கு மேல் வரிசை முழுக்கப் பல்செட், கீழே சொந்தப் பல் கொஞ்சம் இருக்கிறது, சர்க்கரையும் உண்டு.

எல்லாவற்றையும் தடுக்க என்னால் முடியாது. தடுக்கவும் விருப்பமில்லை. எது உண்மையிலேயே பல்லைக் கெடுக்கிறது, எதை விட்டுப்பிடிக்கலாம் என்று தெரிந்தால் போதும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கேரல்_பாடகன் | டிசம்பர் 8, இரவு 10:15

சகோதரி, வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பண்டிகை. பிள்ளைகள் கேக் தட்டைப் பார்த்ததும் நாம் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு நின்றால் அவர்களுக்குப் பண்டிகை என்ன ஞாபகமாக இருக்கும்? கொஞ்ச நாள் சாப்பிடட்டும். பால் பல் எப்படியும் விழப்போகிறதுதானே. ஜனவரியில் பழைய ஒழுங்குக்கு வந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

---

வெண்பல் | டிசம்பர் 9, காலை 6:50

நான் பல் மருத்துவர், அதிலும் குழந்தைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். கேரல்_பாடகன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பண்டிகையைக் கெடுக்க வேண்டாம், கேக்கையும் நிறுத்த வேண்டாம். ஆனால் பால் பல் விழப்போகிறதுதானே என்பதை மட்டும் விட்டுவிட முடியாது.

கடைசிப் பால் கடைவாய்ப் பல் 10 வயதிலிருந்து 12 வயதுக்குள்தான் விழும். 3 வயதில் அது சொத்தையானால் இன்னும் ஏழெட்டு வருஷம் அந்தப் பல்லோடுதான் குழந்தை மெல்ல வேண்டும், தூங்க வேண்டும். பால் பல்லின் எனாமல், அதாவது வெளிக் கவசம், மெல்லியது. அதனால் சொத்தை சீக்கிரம் நரம்பைத் தொட்டுவிடும். சீக்கிரமே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து, அடியில் வரவேண்டிய நிரந்தரப் பல்லுக்கு வழி அடைபடும். பிற்பாடு கிளிப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது.

இப்போது மூவர்_அம்மா கேட்டதற்கு வருகிறேன். பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் எப்போதும் இருக்கும். அதில் இருக்கிற பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடும். இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே அந்தப் படலத்தின் பிஎச் அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5-க்குக் கீழே இறங்கிவிடும். அந்த அளவுக்குக் கீழே எனாமலில் இருக்கிற தாது கரையத் தொடங்கும். அப்புறம் எச்சில் மெல்ல மெல்ல அமிலத்தைச் சமன் செய்து, கரைந்த தாதுவைத் திரும்பப் பல்லில் சேர்க்கும். இதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். 1940-களில் ஸ்டீஃபன் என்பவர் இதை அளந்து வரைந்த வரைபடத்தைத்தான் எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

இதிலிருந்து ஒன்று புரியும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு குழந்தை நாலு சாக்லேட் சாப்பிட்டால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதே நாலை மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை ஒவ்வொன்றாக வாயில் போட்டால் நாலு தாக்குதல், எச்சில் மீள்வதற்கு நேரமே கிடையாது. அளவும் முக்கியம்தான், ஆனால் பல்லைப் பொறுத்தவரை எத்தனை தடவை என்பது அதைவிட முக்கியம்.

ஆகவே, வருகிற இனிப்பையெல்லாம் வாங்கி வையுங்கள், யாரிடமும் மறுக்க வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். காலண்டர் சாக்லேட்டைக் காலை உணவு முடிந்ததும் சாப்பிடட்டும். நடுவில் தாகத்துக்கு வெறும் தண்ணீர்.

---

குறிஞ்சி | டிசம்பர் 9, காலை 11:05

டாக்டர் சொன்ன இந்த எத்தனை தடவை விஷயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. ஸ்வீடனில் லுண்ட் நகரத்துப் பக்கம் விபேஹோம் என்ற இடத்தில் 1940-களில் தொடங்கி நடத்தினார்கள். சாப்பாட்டோடு சர்க்கரை எடுத்தவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையில், ஒட்டிக்கொள்கிற டாஃபியை அடிக்கடி தின்றவர்களுக்குத்தான் பல் பல்லாகப் போனது.

ஆனால் அந்தப் பல்லெல்லாம் யாருடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனவளர்ச்சி குன்றியவர்கள் தங்கியிருந்த இல்லம் அது. அவர்களுடைய சம்மதம் இல்லாமல், அவர்களுக்கு மாற்று வழியும் இல்லாமல் டாஃபியைத் தின்னக் கொடுத்தார்கள். இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள். நமக்குக் கிடைத்த இந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள் என்பதால் எங்கே பேசினாலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

அதற்குப் பிறகுதான் ஸ்வீடனில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற பழக்கம் பரவியது. ஒரே நாளில் வேண்டிய மட்டும் சாப்பிடு, மற்ற நாளில் கிடையாது. அங்கே பல வீடுகளில் இன்றும் அப்படித்தான்.

---

மூவர்_அம்மா | டிசம்பர் 9, மதியம் 2:30

டாக்டர், குறிஞ்சி, இரண்டு பேருக்கும் நன்றி. இப்போது மனசு லேசாக இருக்கிறது. இனிப்பு டப்பாவை மேசையில் திறந்து வைப்பதை இன்றோடு நிறுத்துகிறேன். போகிற வருகிறபோதெல்லாம் கை அதற்குள்தான் போகிறது, பெரியவர்கள் கையும் சேர்த்துத்தான்.

ஒரு சந்தேகம். சாக்லேட்டைவிட உலர்ந்த பழம் நல்லது என்று திராட்சை, பேரீச்சை, தேன் போட்ட பலகாரம் என்று மாற்றிக்கொள்ளலாமா? மாமியாருக்காகச் சர்க்கரை போடாத கேக் ஒன்று செய்ய நினைத்தேன். இனிப்புக்கு பேரீச்சை மட்டும்.

---

வெண்பல் | டிசம்பர் 9, இரவு 8:20

பல்லுக்கு அது மாற்றமே இல்லை அம்மா. தேனும் பேரீச்சையும் பாக்டீரியாவுக்கு நல்ல தீனிதான். உலர்ந்த திராட்சை கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் அப்பிக்கொண்டால் நாக்கால் எடுக்க முடியாது. சாதாரணச் சாக்லேட் கரைந்து சீக்கிரம் தொண்டைக்குள் போய்விடும். அந்த வகையில் திராட்சையைவிடச் சாக்லேட் மேல். சத்து என்று பார்த்தால் பழத்துக்குத்தான் மதிப்பு, நான் பேசுவது பல்லை மட்டும் வைத்து. சாப்பாட்டோடு பழத்தைக் கொடுத்தால் பிரச்சினை இல்லை. நொறுக்குத் தீனியாக நாள் முழுக்கக் கொறிப்பதில்தான் கேடு. அத்தையின் சர்க்கரை நோயைப் பொறுத்தவரை பேரீச்சைக் கேக்கும் கேக்குதான், அளவை அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிஸ்கட், சிப்ஸ் இவற்றை இனிப்பு இல்லை என்று பெற்றோர் கணக்கில் சேர்ப்பதில்லை. குழந்தை பிஸ்கட் தின்ற பிறகு வாயைத் திறந்து கடைவாயைப் பாருங்கள், மாவு மாவாக ஒட்டியிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரை வாயில் சுழற்றிக் குடித்தாலே பாதி போய்விடும்.

நான் உண்மையிலேயே பயப்படுவது நெடுநேரம் சப்புகிற கெட்டி மிட்டாய்க்கு. சிவப்பும் வெள்ளையுமாகக் கைத்தடி வடிவத்தில் வருமே, அது. அரை மணி நேரம் சப்பினால் அரை மணி நேரமும் பல் அமிலத்தில்தான். பொறுமை போனதும் கடிப்பார்கள், அப்போது பல் விளிம்பு உடையும். 3 வயதுக் குழந்தைக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம், முழுப் பருப்பும் வேண்டாம். தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

---

தூரிகை | டிசம்பர் 10, காலை 7:10

கூல்டிரிங்க்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. சர்க்கரை இல்லாத டயட் வகை வாங்கினால் பல்லுக்குப் பரவாயில்லையா? விருந்து முடிந்த உடனே பிள்ளைகளைப் பல் தேய்க்க அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம், அது சரிதானே?

---

வெண்பல் | டிசம்பர் 10, மதியம் 1:45

டயட் வகையில் சர்க்கரை இல்லை, ஆனால் அமிலம் இருக்கிறது. சாதாரணக் கோலாவின் பிஎச் ஏறக்குறைய 2.5, டயட் கோலாவுக்கு 3-ஐ ஒட்டி. பாக்டீரியாவின் உதவியே இல்லாமல் அந்த அமிலம் நேரடியாக எனாமலை அரிக்கும். பழச்சாறும் அமிலம்தான், பெரியவர்கள் குடிக்கிற ஒயினும் அப்படித்தான். குடிப்பதானால் சாப்பாட்டோடு குடித்து முடித்துவிட வேண்டும். ஒரு கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உறிஞ்சுவது கூடாது. ஸ்ட்ரா இருந்தால் முன்பல்லில் படுவது குறையும்.

தேய்க்க அனுப்புவது பற்றி: அமிலம் பட்ட பல்லின் மேல்பரப்பு சற்று நேரம் மெத்தென்று இருக்கும். அப்போது தேய்த்தால் எனாமலே கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கூல்டிரிங்க்ஸ், பழச்சாறு குடித்தால் குறைந்தது அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அதுவரை தண்ணீரில் கொப்பளிக்கட்டும். ஒரு சிறு துண்டுச் சீஸ் மென்றாலும் எச்சில் ஊறி அமிலம் குறையும், விருந்தின் கடைசியில் சீஸ் வைப்பது நல்ல பழக்கம். பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் சர்க்கரை இல்லாத சூயிங்கத்தை 20 நிமிடம் மெல்லலாம். ஆனால் வீட்டில் நாய் இருந்தால் கவனம், பல சூயிங்கத்தில் இருக்கிற சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு விஷம். கிறிஸ்துமஸ் மரத்தடியில் கிடக்கிற பொட்டலத்தை நாய்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

---

நடுநிசி | டிசம்பர் 11, இரவு 11:30

டாக்டர், நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வருகிறபோது குழந்தை தோளிலேயே தூங்கிவிடும். வாயில் கேக் வாசனை. எழுப்பினால் ஊரையே கூட்டிவிடும். அந்த ஓர் இரவு விட்டுவிடலாமா? என் பெண்ணுக்கு 2 வயது முடிந்துவிட்டது. இன்னும் இரவில் பால் பாட்டில் இல்லாமல் தூங்க மாட்டாள்.

---

வெண்பல் | டிசம்பர் 12, காலை 6:30

ஓர் இரவில் பல் போய்விடாது, அதற்காகத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். ஆனால் இந்த சீசனில் அந்த ஓர் இரவு பல இரவாகிவிடுகிறது. தூங்கும்போது எச்சில் மிகவும் குறைந்துவிடும். பகலில் கிடைக்கிற பாதுகாப்பு இரவில் கிடையாது. காலைத் தேய்ப்பு தவறினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், இரவுத் தேய்ப்பை மட்டும் விடாதீர்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சியே கேட்பேன்.

எளிய வழி, கிளம்புவதற்கு முன்பே தேய்த்துவிட்டு, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும் என்று வைத்துக்கொள்வது. அதையும் மீறி கேக் உள்ளே போய்விட்டால் இப்படிச் செய்யுங்கள். கட்டிலில் உட்கார்ந்து, குழந்தையின் தலையை உங்கள் மடியில், முகம் மேலே பார்க்க வையுங்கள். தலையைச் சற்று ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். பிரஷ்ஷில் ஓர் அரிசி மணி அளவு பேஸ்ட், தண்ணீர் வேண்டாம். விரலால் மேலுதட்டை லேசாகத் தூக்கி, ஈறும் பல்லும் சேருகிற கோட்டில் பிரஷ்ஷைச் சின்னச் சின்ன வட்டமாக ஓட்டுங்கள். முன்பல் முடிந்ததும் கன்னத்தின் உள்பக்கமாகக் கடைவாய். பாதித் தூக்கத்தில் சிணுங்கும், அவ்வளவுதான். துப்ப வைக்க வேண்டிய அவசியம் இல்லை. மெல்லிய துணியால் மிச்ச நுரையைத் துடைத்துவிடுங்கள்.

பாட்டிலைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கினால் பாலில் இருக்கிற சர்க்கரை மேல் முன்பற்களின் பின்னால் தேங்கி நிற்கும். அந்தப் பற்கள் வரிசையாகப் பழுப்பாகிக் கரைந்துபோன குழந்தைகளை வாராவாரம் பார்க்கிறேன். பாலைக் குடித்து முடித்துவிட்டு, தேய்த்துவிட்டு, அப்புறம் தூக்கம். பாட்டில் இல்லாமல் ஆகாது என்றால் வெறும் தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். இந்த மாதத்தில் அடிக்கடி சளி பிடிக்கும், இருமல் மருந்துச் சாறு பலவற்றில் சர்க்கரை உண்டு. படுக்கையில் கொடுத்துத் தூங்க வைக்காமல் தேய்ப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

---

தூரிகை | டிசம்பர் 12, காலை 9:00

அரிசி மணி அளவா? விளம்பரத்தில் பிரஷ் முழுக்க ஒரு வளைவு போடுவார்களே!

---

வெண்பல் | டிசம்பர் 12, இரவு 9:15

விளம்பரத்துக்கு அது அழகு. 3 வயது ஆகும் வரை அரிசி மணி, 3 முதல் 6 வரை ஒரு பட்டாணி. பேஸ்டில் எனாமலை வலுப்படுத்துகிற ஃப்ளோரைடு 1000 பிபிஎம் (அதன் செறிவைச் சொல்கிற அளவு) இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். பெரியவர்களுக்கு 1350-லிருந்து 1500 வரை இருப்பது நல்லது. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு வாயைக் கழுவ வேண்டாம். கழுவினால் ஃப்ளோரைடும் அதோடு போய்விடும். இதைச் சொன்னால் பலருக்கு ஒருமாதிரியாக இருக்கிறது, நாலு நாளில் பழகிவிடும்.

7, 8 வயது வரை பிள்ளைகள் தேய்த்த பிறகு நீங்கள் ஒருமுறை தேய்த்துவிட வேண்டும். மூவர்_அம்மா, உங்கள் நடுப்பிள்ளைக்கு 7 வயது என்றீர்கள். 6 வயதையொட்டி, பால் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைத்திருக்கும். எந்தப் பல்லும் விழாமலே வருவதால் அதுவும் பால் பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல், வாழ்நாள் முழுக்க வேண்டியது. முளைக்கிறபோது மற்றப் பல்லைவிடத் தாழ்ந்து நிற்கும். பிரஷ் மேலாகப் போய்விடும், அதைத் தொடாது. பிரஷ்ஷைக் குறுக்காகத் திருப்பி அந்தப் பல்லை மட்டும் தனியாகத் தேயுங்கள். அதன் பள்ளங்களை அடைத்துப் பூசுகிற சீலன்ட் போட முடியுமா என்று உங்கள் பல் டாக்டரிடம் கேளுங்கள்.

---

மாலைநேரம் | டிசம்பர் 13, மாலை 5:25

பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறோம், பெரியவர்களையும் கொஞ்சம் நினைப்போம். என் அப்பாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பண்டிகை நாளில் வயதானவர்கள் நிலைமை தனி. விருந்தாளிகள் முன்னால் பல்செட்டைக் கழற்றக் கூச்சப்பட்டு இரவும் அதோடேயே படுத்துவிடுவார்கள். காலையில் ஈறு சிவந்து புண்ணாகியிருக்கும்.

நாங்கள் செய்வது இதுதான். அப்பா படுக்கிற அறையிலேயே மூடி போட்ட கிண்ணம் ஒன்று வைத்துவிடுகிறோம். குளியலறை வரிசையில் நிற்க வேண்டாம், யார் கண்ணிலும் பட வேண்டாம். இரவு கழற்றி, மெல்லிய பிரஷ்ஷும் சாதாரண சோப்பும் போட்டுக் கழுவி, பச்சைத் தண்ணீரில் ஊறவைப்போம். வெந்நீர் ஊற்றவே கூடாது, பல்செட் வளைந்துவிடும். பல் பேஸ்டும் வேண்டாம், அது கீறிவிடும். கழுவும்போது வாஷ்பேசினில் ஒரு துண்டை விரித்துக்கொள்வேன், கைதவறி விழுந்தாலும் உடையாது. பல்செட் போட்டவர்களுக்குக் கேக்கில் இருக்கிற முந்திரித் துண்டு அடியில் போய் உறுத்தும். சாப்பிட்ட உடனே கழற்றி அலசிப் போட்டுவிட்டால் நிம்மதி.

அப்பாவுக்கு வாய் எப்போதும் வறண்டிருக்கிறது. அதற்காக ஒரு புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கியே வைத்திருக்கிறார். டாக்டர், இது சரியா?

---

வெண்பல் | டிசம்பர் 13, இரவு 10:00

கிண்ணத்தை அறையிலேயே வைப்பது மிக நல்ல யோசனை, நானும் இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

புளிப்பு மிட்டாய் வேண்டாம். வயதாக ஆக ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். வேரின் மேல் எனாமல் கிடையாது. எனாமல் பிஎச் 5.5-ல் கரையத் தொடங்குகிறது என்றால் வேர் 6.2-லிருந்து 6.7 அளவிலேயே தொடங்கிவிடும். அதில் எச்சிலும் குறைவு, வாயில் சர்க்கரையும் புளிப்பும் நாள் முழுக்க என்றால் மிச்சமிருக்கிற பற்கள் ஒன்றொன்றாக ஈறு ஓரத்தில் சொத்தையாகும். ரத்த அழுத்தம், அலர்ஜி, மனச்சோர்வு இவற்றுக்கான மாத்திரைகள் பல வாயை வறளவைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் வறட்சியைச் சொல்லுங்கள். அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் குடிக்கட்டும். மிட்டாய் வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாத, புளிப்பில்லாத வகை.

மூவர்_அம்மா வீட்டு அத்தைக்கும் இது பொருந்தும். சர்க்கரை நோய் இருந்தால் ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஈறில் ரத்தம் கசிந்தால் தேய்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் இன்னும் கசியும். மெதுவான பிரஷ்ஷால் தொடர்ந்து தேய்க்க வேண்டும்.

---

கேரல்_பாடகன் | டிசம்பர் 14, காலை 8:40

டாக்டர் அம்மா, பால் பல்லைப் பற்றி நீங்கள் எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இந்த வருஷம் எங்கள் கேரல் குழுவில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பை கொடுக்கப்போகிறோம். ஒவ்வொரு வீட்டிலும் கிடைப்பது நேராகப் பைக்குள் போகும். பாடி முடித்து வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு பிரித்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் மொத்தமாகக் கொட்டி எண்ணுவதில் தனிச் சந்தோஷம்.

ஆனால் ஒன்றில் நான் மாறவில்லை. இனிப்பு தின்றால் பல்லில் புழு வரும், ஊசி போடுவார்கள் என்று பிள்ளைகளை மிரட்டுவதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

---

வெண்பல் | டிசம்பர் 14, மதியம் 12:20

நூற்றுக்கு நூறு உங்கள் பக்கம்தான். ஊசியைச் சொல்லி மிரட்டி வளர்த்த குழந்தை வலித்தாலும் சொல்லாது, மறைக்கும். அதுதான் எங்களிடம் மிகத் தாமதமாக வரும். பை யோசனை அருமை.

---

நீலவானம் | டிசம்பர் 22, இரவு 9:55

அவசரம். டாஃபி கடித்தபோது கடைவாய்ப் பல்லின் கேப் கழன்று கையோடு வந்துவிட்டது. ரூட் கெனால் செய்த பல், வலி இல்லை. நான் போகிற கிளினிக் லீவு முடிந்துதான் திறக்கும் என்கிறார்கள். வீட்டில் இருக்கிற சூப்பர் குளூவால் ஒட்டிக்கொள்ளலாமா?

---

வெண்பல் | டிசம்பர் 22, இரவு 10:05

ஒட்டாதீர்கள்! அந்தப் பசை ஈறைப் புண்ணாக்கும், பல்லில் இறுகிப்போனால் பிறகு கேப்பைச் சரியாகப் பொருத்தவே முடியாது.

கேப்பைக் கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள், அதே கேப்பைத் திரும்ப ஒட்ட வாய்ப்பு உண்டு. மருந்துக்கடையில் பல்லுக்கான தற்காலிக சிமென்ட் கிடைத்தால் அதை வைத்துப் பொருத்தலாம். கிடைக்காவிட்டால் சும்மா விடுங்கள். தளர்வாக உட்கார வைத்துக்கொண்டு தூங்கவே வேண்டாம், தூக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அந்தப் பக்கம் மெல்லாதீர்கள், தேய்ப்பதை விடாதீர்கள். ரூட் கெனால் செய்த பல் கேப் இல்லாமல் இருந்தால் பிளந்துபோகும், அதனால் லீவில் திறந்திருக்கிற வேறு பல் டாக்டர் கிடைத்தால் போய்விடுங்கள்.

எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் கிளினிக் எந்தெந்த நாள் மூடியிருக்கும், அவசரத்துக்கு எங்கே போவது என்று இப்போதே விசாரித்து எண்ணை எழுதி வையுங்கள். பல் வலி வந்தால் பாரசிட்டமால் போடலாம், அட்டையில் உள்ள அளவைத் தாண்டாமல். மாத்திரையை ஈறில் அடக்கி வைக்காதீர்கள். ஆஸ்பிரினை அப்படி வைத்து ஈறு வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். 16 வயதுக்குக் கீழே ஆஸ்பிரினே கூடாது. போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்காதீர்கள். முகம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் பல் கிளினிக்கைத் தேடாமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

---

நீலவானம் | டிசம்பர் 23, மதியம் 3:10

நன்றி டாக்டர். தற்காலிக சிமென்ட் கிடைத்தது. 27-ஆம் தேதி வேறொரு டாக்டர் நேரம் கொடுத்திருக்கிறார். இந்த வருஷம் எனக்குக் கஸ்டர்டு மட்டும்.

---

குறிஞ்சி | டிசம்பர் 26, காலை 10:20

நேற்று எங்கள் தெருவில் நடந்தது. பக்கத்து வீட்டுப் பையன், 9 வயது, பரிசாக வந்த ஸ்கூட்டரில் தடுக்கி முகம் குப்புற விழுந்தான். மேல் முன்பல் வேரோடு வந்து தரையில் கிடந்தது. அவனுடைய அம்மா அதை டிஷ்யூவில் சுற்றப் போனார். அவனுடைய அத்தை நர்ஸ், அவர்தான் தடுத்து ஒரு கப் பாலில் பல்லைப் போட்டு உடனே கிளப்பிக்கொண்டு போனார். பல்லைத் திரும்ப வைத்துக் கம்பி கட்டியிருக்கிறார்கள். பாலில் ஏன் போட வேண்டும், டாக்டர்?

---

வெண்பல் | டிசம்பர் 26, மாலை 4:00

அந்த நர்ஸ் அத்தைக்கு என் வணக்கம். வேரின் மேல் உயிருள்ள மெல்லிய இழைகள் ஒட்டியிருக்கும். அவை உயிரோடு இருந்தால்தான் பல் திரும்பப் பிடிக்கும். வெளியில் உலர்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் செத்துவிடும். பச்சைத் தண்ணீரில் போட்டாலும் அவை ஊதி வெடித்துவிடும். பாலில் உப்பின் செறிவு நம் உடம்புக்கு ஒத்துப்போவதால் கொஞ்ச நேரம் தாங்கும்.

பல்லை எடுக்கும்போது வெள்ளையான மேல்பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் இருந்தால் பாலில் லேசாக அலசி, முடிந்தால் அங்கேயே குழிக்குள் திரும்ப வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லிவிட்டு ஓடுங்கள். வைக்கத் தைரியம் இல்லையென்றால் பாலில் போட்டுக் கொண்டுபோங்கள். அரை மணிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது. விழுந்தது பால் பல்லாக இருந்தால் திரும்ப வைக்கவே கூடாது, அடியில் வளர்கிற நிரந்தரப் பல் கெட்டுவிடும். ஆனாலும் குழந்தையைக் காட்ட வேண்டும். உடைந்த துண்டு மட்டும் என்றாலும் பாலில் போட்டு எடுத்துப்போங்கள், பல சமயம் அதையே ஒட்டிவிடலாம்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பரிசுப் பொட்டலத்தின் டேப்பைக் கடித்துக் கிழிப்பது, பாட்டில் மூடியைப் பல்லால் திறப்பது, கெட்டிப் பருப்பை உடைப்பது, இந்த வாரத்தில் வருகிற உடைந்த பற்களில் பலவும் இப்படித்தான். மேசையில் ஒரு கத்தரிக்கோலை வையுங்கள்.

---

மூவர்_அம்மா | ஜனவரி 4, இரவு 8:30

பண்டிகை நல்லபடியாகப் போனது. இனிப்பைச் சாப்பாட்டோடு மட்டும் என்று வைத்ததில் பிள்ளைகள் சண்டை போடவே இல்லை. இரண்டாம் நாளே பழகிவிட்டார்கள்.

ஆனால் மூத்தவளுக்கு மட்டும் கவலை. டாஃபி, பாப்கார்ன் எல்லாம் தவிர்த்தாள், கிளிப் ஒன்றும் பெயரவில்லை. இன்றைக்குப் பார்த்தபோது மேல் கோரைப்பல்லில் கிளிப்பைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக ஒரு திட்டு. தேய்த்தாலும் போகவில்லை. இது சொத்தையா?

---

வெண்பல் | ஜனவரி 5, காலை 7:00

சொத்தைக்கு முந்தைய கட்டமாக இருக்கலாம். எனாமலிலிருந்து தாது கரைந்துபோன இடம் அப்படித்தான் பளபளப்பில்லாமல் வெளுத்துத் தெரியும். பல்லைத் துணியால் துடைத்து உலரவைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இன்னும் குழி விழவில்லை, அதனால் முன்னேறாமல் நிறுத்த முடியும், ஓரளவு தாது திரும்பச் சேரவும் சேரும். வெள்ளைத் தழும்பு முழுக்க மறையும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கம்பிக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என்று பிரஷ்ஷைச் சாய்த்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கிளிப்புகளுக்கு நடுவே நுழைகிற குட்டி பிரஷ் கிடைக்கும், இரவில் அதையும் சேர்த்துக்கொள்ளட்டும். டாக்டரிடம் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவது பற்றிக் கேளுங்கள். மற்ற இரண்டு பேருக்கும் மேலுதட்டைத் தூக்கி ஈறு ஓரத்தைப் பார்த்துவிடுங்கள், இதே வெள்ளைக் கோடு அங்கேதான் முதலில் தெரியும். பழுப்பாகவோ குழியாகவோ இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

---

மூவர்_அம்மா | ஜனவரி 5, காலை 7:45

சின்னவர்கள் இரண்டு பேருக்கும் இப்போதே ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டேன், கோடு எதுவும் இல்லை. மூத்தவளுக்கு 9-ஆம் தேதி கம்பி இறுக்கப் போகிறோம். அன்றைக்கே வார்னிஷ் பற்றிக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன், டாக்டர்.